பிபிஎஃப் ஒட்டும்போது கத்தி எங்கே படுகிறது? கணினி வெட்டா, கை வெட்டா?

சாலையோரம்

பழைய காரை விற்பதற்கு முன்னால் அதன் மேல் இருந்த பிபிஎஃப்பை உரித்தேன். நான்கு வருடம் ஒட்டியிருந்த, பெயிண்டைக் காக்கிற நிறமில்லாத ஃபிலிம். உள்ளே பெயிண்ட் புதுசு போல இருக்கும் என்று ஆசையாகப் பார்த்தால், பானெட்டின் முன் விளிம்பை ஒட்டி, முகப்பு விளக்கைச் சுற்றி, கதவுக் கைப்பிடிக் குழியைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு. பசை மிச்சம் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நகத்தை ஓட்டினால் நகம் மாட்டுகிறது. பானெட் ஓரத்தில் ஓரிடத்தில் அந்தக் கோட்டுக்குள் பழுப்பாகத் துருவே பிடித்திருந்தது. கல்லடி படக்கூடாது என்று ஒட்டக் கொடுத்தேன், ஒட்டியவர் கத்தியாலேயே கீறி அனுப்பியிருக்கிறார், நான்கு வருடம் அது எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது புதுக் கார் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மறுபடியும் ஒட்டத்தான் போகிறேன், லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிற தூரம் எனக்கு அதிகம். இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒருவர் “எல்லாம் கணினி வெட்டு, கத்தி காரில் படவே படாது” என்கிறார். இன்னொருவர் “கணினி வெட்டில் ஓரம் கோடு போட்ட மாதிரித் தெரியும், நான் முழு ஷீட்டைப் போட்டுக் கையால் வெட்டி உள்ளே மடித்துவிடுவேன், ஃபிலிம் இருப்பதே தெரியாது” என்கிறார். இரண்டு பேருமே அடுத்தவர் முறையைக் குறை சொல்கிறார்கள். இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று செய்கிறவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள். எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிக்கிறேன்.

கத்திமுனை

ஒன்பது வருடமாக ஃபிலிம் ஒட்டுவதுதான் என் தொழில். உங்களுக்கு நடந்ததைப் படிக்கவே சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோடு எப்படி விழுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஃபிலிம் என்ன கனம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நல்ல பிபிஎஃப் என்பது டிபியூ என்கிற பாலியூரிதேன். மேலே ஒரு மெல்லிய டாப் கோட், நடுவில் டிபியூ, கீழே பசை, அதற்கும் கீழே நாம் உரித்துப் போடுகிற லைனர். லைனரைக் கழித்துவிட்டால் மொத்தம் 6 முதல் 8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். இப்போது இதைக் காரின் மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 200 மைக்ரானை வெட்ட வேண்டும், 201-வது மைக்ரானைத் தொடக்கூடாது. அதற்குக் கீழே இருக்கிற கிளியர் கோட், அதாவது பெயிண்டின் நிறமில்லாத மேல்பூச்சு, 40, 50 மைக்ரான்தான். பிளேடின் முனை மழுங்கியிருந்தால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் உங்கள் பானெட்டில் விழுந்த கோடு விழும். அப்போது ஃபிலிமும் தண்ணீரும் மேலே இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது.

கணினி வெட்டு என்றால் உங்கள் கார் மாடலுக்கான வரைபடம் மென்பொருளில் இருக்கும், அதைப் ப்ளாட்டர் இயந்திரத்துக்கு அனுப்பினால் அது ஃபிலிமை மேசையிலேயே வெட்டிக் கொடுத்துவிடும். காரில் கத்திக்கு அனேகமாக வேலை இல்லை. ஆனால் வரைபடத் துண்டு பேனலின் விளிம்புக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிடும், அந்த இடைவெளியைத்தான் உங்களிடம் பேசிய கை வெட்டுக்காரர் “கோடு” என்கிறார். கை வெட்டு என்றால் ரோலிலிருந்து பேனலை விடப் பெரிய துண்டை எடுத்து, ஒட்டி முடித்த பிறகு மிச்சத்தை வெட்டி, ஓரத்தை உள்ளே மடிப்பது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெட்டு முழுக்கக் காரின் மேல்.

நான் இரண்டையும் செய்கிறேன். ஒரே காரிலேயே இரண்டையும் செய்கிறேன். அதனால் கடைக்காரரிடம் கணினியா கையா என்று கேட்காதீர்கள். “என் காரில் எந்தெந்த இடத்தில் பிளேடு படும், அங்கே பிளேடுக்கு அடியில் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள். பேனல் பேனலாகச் சொல்லத் தெரிந்தவரிடம் காரை விடலாம்.

வளைகோடு

கணினி வெட்டு பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், வரைபடம் உருவாக்குகிற வேலையில் இருக்கிறேன். எக்ஸ்பெல்லின் டாப் போல ஃபிலிம் கம்பெனிகள் வைத்திருக்கிற பெரிய வரைபடக் களஞ்சியங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை எல்லாம் எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு காராக உட்கார்ந்து எடுத்தவை.

பேனலின் மேல் காகிதமோ மெல்லிய ஃபிலிமோ ஒட்டி, விளிம்பு, விளக்கு, சென்சார், வாஷர் துளை எல்லாவற்றையும் குறித்து, உரித்துத் தட்டையாக வைத்து ஸ்கேன் செய்வோம். இங்கேதான் சிக்கல். பானெட் ஓரளவுக்குத் தட்டை, அதில் பிரச்சினை இல்லை. பம்பரின் மூலை இரண்டு பக்கமும் வளைகிற பரப்பு, பந்தின் தோலை உரித்து மேசையில் விரித்தால் எப்படித் தட்டையாக உட்காராதோ அப்படித்தான் இதுவும் உட்காராது. ஆக, எங்கேயோ இழுக்க வேண்டும், எங்கேயோ வெட்டு விட வேண்டும். பிபிஎஃப் நீளக்கூடியது என்பதால் சில ஓரங்களை வேண்டுமென்றே சின்னதாக வரைவோம், ஒட்டுகிறவர் இழுத்தால் சரியாக வந்து உட்காரும். எந்தப் பக்கம் எவ்வளவு இழுப்பார் என்று ஊகித்து வரைவதுதான் இந்த வேலையின் சாரம். முதல் வரைபடம் சரியாக வந்ததாக எனக்கு நினைவே இல்லை. வெட்டி, ஒட்டிப் பார்த்து, 2 மில்லிமீட்டர் இங்கே குறை, அங்கே கூட்டு என்று மூன்று நான்கு தடவை திருத்திய பிறகுதான் வெளியே விடுவோம்.

அதனால் “உங்களிடம் என் கார் வரைபடம் இருக்கிறதா” என்று கேட்டால் போதாது. ஒரே மாடலில் முன் பார்க்கிங் சென்சார் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, ஸ்போர்ட் பம்பர் ஒன்று என்று நாலைந்து வகை வரும். தவறான வகையை வெட்டிவிட்டால் அதைச் சமாளிக்கத்தான் கத்தி காருக்கு வருகிறது. வெட்டுவதற்கு முன்னால் காரின் முன் நின்று திரையையும் பம்பரையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர் நல்ல ஆள்.

இன்னொன்று, வரைபடத்தின் விளிம்பைத் திரையிலேயே நீட்டலாம். பானெட் துண்டை மூன்று பக்கமும் 10, 15 மில்லிமீட்டர் நீட்டி வெட்டினால் அது அப்படியே உள்ளே மடியும். கத்தியும் படாது, கோடும் தெரியாது. சாலையோரம், உங்களிடம் பேசிய இரண்டு பேருமே இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சாலையோரம்

நிஜமாகவே யாரும் சொல்லவில்லை. அப்படிச் செய்ய முடியும் என்றால் எல்லோரும் ஏன் செய்வதில்லை?

ப்ளாட்டர் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன். அது ஃபிலிமை வெட்டுகிறது, லைனரை மட்டும் விட்டுவிடுகிறது என்று அந்தக் கடையில் சொன்னார்கள். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வளைகோடு

ப்ளாட்டரில் கத்தி ஒரு பிடிப்பானுக்குள் சுழலும் நிலையில் இருக்கும். அது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கிராம் கணக்கில் வைப்பார்கள். ஃபிலிமும் பசையும் முழுதாக வெட்டுப்பட வேண்டும், லைனரில் லேசான தடம் மட்டும் விழ வேண்டும். புது ரோல் ஏற்றினால், பிளேடு மாற்றினால், கட்டாயம் ஓர் ஓரத்தில் சின்ன சதுரம் வெட்டி உரித்துப் பார்க்க வேண்டும். சதுரம் சுத்தமாக வந்து, லைனரின் பின்பக்கம் விரலால் தடவும்போது மேடு தெரியாமல் இருந்தால் அழுத்தம் சரி. லைனரே வெட்டுப்பட்டால் நீளத் துண்டு இயந்திரத்துக்குள்ளேயே கழன்று சுருண்டுவிடும், ஒரு பானெட் அளவு ஃபிலிம் குப்பைக்குப் போகும். அழுத்தம் குறைந்தால் இன்னும் மோசம். உரிக்கும்போது மூலையில் ஃபிலிம் விடாமல் பிடித்து இழுபடும், ஓரம் பல் பல்லாக வரும். அந்த ஓரத்தில்தான் பின்னால் அழுக்கு சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும்.

சாதாரண ஸ்டிக்கர் வினைலுக்கு 45 டிகிரி பிளேடு போதும். பிபிஎஃப் கனமானது, அதனால் 60 டிகிரி பிளேடு போடுவோம், வேகத்தைக் குறைப்போம். கூர்மூலைகளை வரைபடத்திலேயே சற்று உருட்டிவிடுவோம். கூர்மூலைதான் முதலில் எழும்பும்.

கடைகள் ஏன் நீட்டி வெட்டுவதில்லை என்றால், காரணம் ஃபிலிம் செலவும் நேரமும். ரோலின் அகலம் பெரும்பாலும் 152 சென்டிமீட்டர். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் ஒரு காருக்கு எத்தனை மீட்டர் போகும் என்பதே மாறிவிடும். ஓரத்தை நீட்டினால் அடுக்கு கெட்டுவிடும், ஃபிலிம் கூடப் போகும். மடித்து ஒட்டுகிற நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மூன்றாம் கியர்

தொழில் செய்கிறவர்கள் நடுவில் நான் ஒரு வீட்டு ஆள். என் காருக்கு நானே ஒட்டினேன், வெட்டிய கிட் வாங்கி. யாராவது முயற்சி செய்ய நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, டிக்கி ஏற்றும் இடம், இவை மூன்றும் ஒரு மாலையில் முடிந்துவிட்டன, நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் பம்பரைத் தொட்டேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தனியாகச் செய்யாதீர்கள். லைனரை உரித்த உடனே ஃபிலிம் தன் மேலேயே மடங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், அப்படி ஒட்டினால் பிரித்தாலும் பசையில் வடு நிற்கும். இரண்டு பேர் பிடித்து, உரிக்க உரிக்கப் பசைப் பக்கம் முழுதும் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே வர வேண்டும். விரல்களையும் நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த விரல் பட்ட இடத்தில் ரேகை அப்படியே பசையில் பதிந்துவிடும். என் காரின் இடது மூலையில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது.

அப்புறம் தூசி. கார் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கிற களிமண் கட்டியான கிளே பார் போட்டு, ஆல்கஹால் துடைத்து எல்லாம் செய்தேன். ஆனால் கதவு இடுக்கையும் பானெட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பரையும் துடைக்கவில்லை. ஸ்பிரே அடித்ததும் அங்கே இருந்த மண் தண்ணீரோடு ஃபிலிமுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. ஒட்டுகிற பரப்பை விட அதைச் சுற்றி இருக்கிற இடுக்குகளைத் துடைக்கத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

கத்திமுனை

மூன்றாம் கியர் சொன்ன கடைசி விஷயத்தை இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வேன். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் கழுவுவதும் துடைப்பதும்தான்.

ஒட்டுவதை விளக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் கடையில் நின்று பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று புரியும். எங்களிடம் இரண்டு திரவம் இருக்கும். ஒன்று வழுக்குகிற தண்ணீர், குழந்தை ஷாம்பு சில சொட்டு கலந்தது அல்லது அதற்கென்று விற்கிற ஜெல் கலந்தது. இது இருக்கிற வரை ஃபிலிம் பெயிண்டின் மேல் மிதக்கும், நகர்த்தி இடம் பார்க்கலாம். இன்னொன்று பிடிக்கிற தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்தது. ஃபிலிம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தூக்கி இதை அடித்தால் சோப்பு கழுவப்பட்டு, பசை உடனே பிடிக்க ஆரம்பிக்கும். அதை வைத்து ஓரிடத்தை நங்கூரம் போல நிறுத்திவிட்டு, அங்கிருந்து மற்ற பக்கங்களை இழுத்துக்கொண்டு போவோம்.

பானெட்டில் நடுவில் ஒரு கோடு ஸ்க்வீஜி (தண்ணீரைத் தள்ளுகிற பட்டை) இழுத்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் பாதி ஏறுகிற மாதிரித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவோம். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் இடம் விட்டால் அங்கே தண்ணீர் கோடாக நின்றுவிடும். பம்பரில் நடுவை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். இழுப்பதில் அவசரம் கூடாது. ஒரே இடத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பசை நீண்டு வரி வரியாகத் தெரியும், அந்த வரி ஆறினாலும் போகாது. இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து, இழுப்பைப் பரப்பி விட வேண்டும். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு நாங்கள் ஒன்றும் செய்யாமல் பிடித்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் ஃபிலிம் மெதுவாக நீண்டு உட்காருகிறது.

தண்ணீர் கலவைக்கு ஒரே அளவு என்று கிடையாது. பேனல் சூடாக இருந்தால் பசை சீக்கிரம் பிடிக்கும், சோப்பு கூட்ட வேண்டும். குளிர்ந்திருந்தால் பிடிக்கவே பிடிக்காது, அப்போது குறைக்க வேண்டும். ஃபிலிமுக்கு ஃபிலிமும் மாறும். வெயிலில் நின்ற காரை உள்ளே எடுத்தவுடன் ஒட்ட ஆரம்பிக்கிற கடை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

பெயிண்ட் பூத்

நான் பெயிண்டர். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கத்திக் கோட்டோடு வருகிற கார்களை நான்தான் சரி செய்கிறேன்.

கம்பெனி பெயிண்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அடியில் துருக்காப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே கிளியர். கிளியருக்குள் நிற்கிற கோடு என்றால் சில சமயம் பாலிஷில் மங்கும். நிறத்தைத் தாண்டிவிட்டால் பாலிஷ் பிரயோஜனமில்லை. துருக்காப்பையும் தாண்டி இரும்புக்குப் போய்விட்டால் ஃபிலிம் ஓரத்தில் தேங்குகிற ஈரமே போதும், துரு பிடிக்கும். சாலையோரம் பார்த்தது அதைத்தான். அதற்கு ஃபிலிமை எடுத்துவிட்டுத் துருவைச் சுரண்டி, பிரைமர் போட்டு, பானெட் முழுவதும் அடிப்பதுதான் வழி. ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தால் தெரியும்.

என் கருத்து கண்டிப்பானது. காரின் மேல் கத்தி வைக்கவே கூடாது. ஒன்பது வருட அனுபவம், பத்து வருட அனுபவம் எல்லாம் சரி, நாள் முழுக்க நின்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிப் பேனலை வெட்டும்போது கை அதே கையாக இருக்காது. இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலில் உடனே ஃபிலிம் ஒட்டாதீர்கள். பெயிண்டிலிருந்து கரைப்பான் வெளியேற வேண்டும், குறைந்தது 30 நாள், இன்னும் அதிகம் விட்டால் நல்லது. ஃபிலிம் மூடிவிட்டால் அது வெளியேற வழியில்லாமல் குமிழ் விடும், பின்னால் உரிக்கும்போது பெயிண்டோடு சேர்ந்து வரும். பழைய கார் வாங்கி ஒட்டுகிறவர்கள் எந்தப் பேனல் மறுபடி அடித்தது என்று பெயிண்ட் கனத்தை அளக்கிற கனமானி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

கத்திமுனை

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெயிண்ட் கணக்கில் உங்களிடம் நான் வாதாட மாட்டேன். ஆனால் “கத்தி வைக்கவே கூடாது” என்பதில் உடன்பட முடியவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

வரைபடமே இல்லாத கார்கள் வருகின்றன. வெளியிலிருந்து பம்பர் மாற்றியவை, பம்பருக்குக் கீழே லிப் என்கிற கூடுதல் விளிம்புத் துண்டு பொருத்தியவை, வெளிவந்து ஒரு வாரமே ஆன மாடல்கள். இவற்றுக்கு எல்லாம் முழு ஷீட்தான். அங்கே கத்தியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பேனலின் முகப்பில் வெட்டுவதே இல்லை. ஃபிலிமை விளிம்பைத் தாண்டி இழுத்து, பேனலிலிருந்து தூக்கிப் பிடித்து, காற்றில் வெட்டுவேன், அல்லது இரண்டு பேனலுக்கு நடுவில் இருக்கிற இடுக்கில் பிளேடின் முனை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து வெட்டுவேன். முகப்பு விளக்கைச் சுற்றி என்றால் விளக்கின் பக்கம் இருக்கிற இடைவெளியில் முனை இறங்க வேண்டும், பெயிண்ட் பக்கம் இல்லை. 30 டிகிரி கூர்முனை பிளேடு, சில அங்குல வெட்டுக்கு ஒரு முனை, உடனே உடைத்துப் போட்டுவிட்டு அடுத்தது. பிளேடைச் சேமிக்கிறவர் உங்கள் பெயிண்டைச் செலவழிக்கிறார்.

முகப்பிலேயே கோடு போட்டு வெட்ட வேண்டிய நிலை வந்தால் கத்தியில்லா டேப் இருக்கிறது. அதற்குள் ஒரு நூல் ஓடும். ஃபிலிமுக்கு அடியில் முன்பே ஒட்டிவிட்டு, பிறகு நூலை இழுத்தால் அது கீழிருந்து மேலாக ஃபிலிமை அறுத்துக்கொண்டு வரும். கனமான ஃபிலிமில் கொஞ்சம் சண்டை போடும், ஆனாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது.

களைப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அது முழு உண்மை. நான் மாலையில் வெட்டு வேலை எடுப்பதில்லை. அதை இதுவரை யாரிடமும் ஒரு விதியாகச் சொன்னதில்லை, உங்கள் பதிவைப் படித்த பிறகு உடன் வேலை செய்யும் பையன்களுக்கும் அப்படியே வைத்துவிட்டேன்.

பெயிண்ட் பூத்

இடுக்கில் முனை வெளியே பார்த்தபடி வெட்டுவது எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்படி வெட்டப்பட்ட கார் என்னிடம் வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், சரி. என்னிடம் வருவதெல்லாம் முகப்பில் வெட்டியவை.

அமைதிநடை

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு ஒட்டி நான்கு நாள் ஆகிறது. பானெட்டில் சின்னச் சின்னக் குமிழ்கள், இரண்டு மூன்று இடத்தில் மங்கலாகப் பால் தெளித்த மாதிரி. கடையில் “போய்விடும்” என்கிறார்கள். ஊசியால் குத்தி எடுக்கலாமா?

கத்திமுனை

குத்தாதீர்கள், தயவுசெய்து. மங்கல் என்பது தண்ணீர். ஃபிலிம் வழியாகவே அது மெல்ல மெல்ல ஆவியாகப் போகும், சில நாளிலிருந்து சில வாரம் வரை எடுக்கும், குளிர்காலத்தில் இன்னும் மெதுவாக. தண்ணீர்க் குமிழை விரலால் லேசாக அழுத்தினால் பக்கத்தில் நகரும், வடிவம் மாறும். காற்றுக் குமிழ் அழுத்தினால் அப்படியே திரும்பி வந்து நிற்கும், அது தானாகப் போகாது. நடுவில் கறுப்புப் புள்ளியோடு கூடாரம் மாதிரி நிற்பது தூசி. காற்றும் தூசியும் இருந்தால் கடைக்குப் போங்கள், மூன்று வாரம் கழித்து.

அதுவரை ஒரு வாரமாவது கழுவாதீர்கள். அதற்குப் பிறகும் பிரஷர் வாஷரை ஃபிலிமின் ஓரத்துக்கு நேராக வைத்து அடிக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று, ஓரத்தின் மேலிருந்து பேனலின் வெளிப்பக்கம் பார்த்து அடியுங்கள்.

மூன்றாம் கியர்

கடைகளில் சொல்கிற இரண்டு விஷயத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். “கீறினால் தானாக ஆறிவிடும்” என்பது எவ்வளவு உண்மை? செராமிக் கோட்டிங் அடியில் போட்டுவிட்டு மேலே ஃபிலிம் ஒட்டினால் இரட்டைக் காப்பு என்கிறார்களே?

வளைகோடு

ஆறுவது உண்மை, டாப் கோட் அளவுக்கு மட்டும். கழுவும்போது விழுகிற மெல்லிய சுழல் கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ மறைந்துவிடும். சாவியால் கீறி டிபியூ வரை போனால் ஆறாது. கல் பட்டு ஃபிலிம் கிழிந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான், பெயிண்ட் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பொருள் முதலில் வந்ததே அந்த மாதிரி அடிக்குத்தான். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன் விளிம்பை மணல் அரிக்காமல் இருக்க த்ரீ எம் கொண்டுவந்த பாலியூரிதேன் டேப்தான் இதன் மூதாதை. வழவழப்பு, பளபளப்பு எல்லாம் ரொம்பப் பின்னால் சேர்ந்தவை.

செராமிக் அடியில் வேண்டாம். அது எதையும் ஒட்டவிடாத பூச்சு, பசைக்கும் அதே மரியாதைதான், ஓரம் சீக்கிரம் எழும்பும். ஃபிலிமுக்கு மேலே போடலாம், நன்றாக இறுகிய பிறகு.

சாலையோரம்

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். ஓரத்தை மடிப்பது என்றால் எல்லா இடத்திலும் மடிக்க வேண்டுமா? பம்பரையும் விளக்கையும் கழற்றினால்தான் சுத்தமாக வரும் என்று கை வெட்டுக்காரர் சொல்கிறார். புதுக் காரைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

கத்திமுனை

பானெட்டின் பக்கங்கள், கதவின் பின் விளிம்பு, ஃபெண்டரின் கதவுப் பக்கம், டிக்கி மூடி, இவை எல்லாம் எதையும் கழற்றாமல் மடியும். சக்கர வளைவில் உள்பக்கம் மண்ணும் ஈரமும் எப்போதும் இருக்கும், மடித்தாலும் ஒட்டாது, அங்கே விளிம்புக்கு முன்னாலேயே நிறுத்துவது நல்லது. பம்பருக்கும் விளக்குக்கும் நடுவில் விரல் நகம் போகிற இடைவெளி இருந்தால் திருகுகளைத் தளர்த்தி லேசாக இழுத்தாலே போதும், முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றுகிற ஒவ்வொரு கிளிப்பும் உடைய வாய்ப்புள்ள கிளிப். நான் லோகோ, கதவுக் கைப்பிடி மாதிரி சிலவற்றைத்தான் கழற்றுவேன், அதுவும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு.

மடிக்கிற இடத்தில் முக்கியமானது காய்ந்திருப்பது. சோப்புத் தண்ணீர் இருக்கிற வரை ஓரம் பிடிக்காது. தண்ணீரைத் துடைத்து, காற்று விட்டு, ஆல்கஹால் தொட்டு, கொஞ்ச நேரம் விட்டு, பிறகுதான் மடித்து ஹீட் கன்னில் மிதமாகச் சூடு காட்டி அழுத்த வேண்டும். நாங்கள் காரை ஓர் இரவு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்வது இதற்காகத்தான். மறுநாள் காலையில் எழும்பி நிற்கிற ஓரங்கள் எவை என்று தெரிந்துவிடும். சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டால் அவை உங்கள் வீட்டில் எழும்பும்.

பார்க்கிங் சென்சார்களை ஃபிலிமால் மூடச் சொல்லாதீர்கள். சென்சாரின் முகம் அதிர்ந்துதான் வேலை செய்கிறது, மேலே ஃபிலிமும் அதற்கடியில் ஒரு காற்றுக் குமிழும் இருந்தால் இல்லாத சுவரைக் காட்டும். வட்டமாக விட்டு வெட்டிய வரைபடமா என்று பாருங்கள்.

சாலையோரம்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். முடித்துவிட்டேன்.

இரண்டு கடைக்கும் திரும்பப் போய்க் கத்திமுனை சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். கை வெட்டுக்காரர் “அதெல்லாம் அனுபவம் சார், பயப்படாதீர்கள்” என்றார். அதற்கு மேல் பதில் வரவில்லை. கணினி வெட்டுக்காரர் முதலில் தடுமாறினார், பிறகு ஒரு காகிதத்தில் காரின் முன்பக்கத்தை வரைந்து, பம்பரின் கீழ் லிப்பில் இரண்டு இடத்தில் மட்டும் பிளேடு தேவைப்படும், அதுவும் கறுப்புப் பிளாஸ்டிக் பக்கம் என்று குறித்துக் காட்டினார். பானெட்டையும் கதவுகளையும் நீட்டி வெட்டி மடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஒரு நாள் கூட வேண்டும், ஃபிலிமும் கூட ஆகும் என்றார். சரி என்றேன்.

பெரும்பாலான நேரம் உடன் நின்று பார்த்தேன். சோதனைச் சதுரம் வெட்டினார், மூன்று தடவை. வலது பம்பர் மூலையில் ஃபிலிம் இழுத்து உட்கார்ந்த பிறகு ஒரு வரி விழுந்தது. எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அவரே விளக்கடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அந்தத் துண்டை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினார். அதைப் பார்த்ததும் என் மனசு நிம்மதியாகிவிட்டது. லிப்பில் வெட்டும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டினார்.

இரண்டாவது வாரம் வரை பானெட்டில் மங்கல் இருந்தது, பிறகு போய்விட்டது. இப்போது ஒரே ஒரு குறை. பின்னால் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடியின் வெளிமூடியில், கீழ் மூலையில் ஓரம் ஒரு அரிசி அளவு எழும்பியிருக்கிறது. அழுத்தினால் ஒட்டுகிறது, மறுநாள் எழும்புகிறது.

கத்திமுனை

கண்ணாடி மூடிதான் காரிலேயே அதிகம் வளைந்த துண்டு, ஃபிலிம் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் தூசி பசையில் ஏறும். அவரிடமே எடுத்துப் போங்கள். சுத்தம் செய்து சூடு காட்டிப் பார்ப்பார், அதற்கும் நிற்கவில்லை என்றால் மூடியைக் கழற்றி மேசையில் வைத்து அந்த மூலையை மட்டும் வளைவாகக் குறைத்து வெட்டுவார். கழற்றிய பிறகு வெட்டச் சொல்லுங்கள், காரிலேயே வைத்து வேண்டாம்.

சாலையோரம்

நாளை காலையில் போகிறேன். மூடியைக் கழற்றித்தான் வெட்டுவேன் என்று அவரே போனில் சொல்லிவிட்டார்.